சொல்வதெழுதுதலுக்கு ஆன்கி: மூன்று கல்வியாண்டு அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புகள் எடுக்கிறேன். 2022 ஜூனில் என் நான்காம் வகுப்பில் இருந்த பதினோரு பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்பு முடியும் முன்பே கொரோனாவால் வீட்டுக்குப் போனவர்கள். மறுபடி வகுப்பறையில் உட்கார்ந்தது 2021 நவம்பரில், மூன்றாம் வகுப்பின் நடுவில். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் பழக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் அந்த ஆண்டு மூன்றாம் வகுப்போடு நின்றதால் அதிலும் இவர்கள் சேரவில்லை.

சொல்வதெழுதுதல் வைத்தால் பதினோரு நோட்டிலும் பதினோரு விதமான பிழை. ஒருத்தி புள்ளியே வைக்க மாட்டாள். 'அமமா', 'பநது' என்றுதான் எழுதுவாள். ஒருவனுக்குக் குறிலும் நெடிலும் ஒன்று. பழத்தைப் 'பளம்' என்று எழுதாதவர்கள் இரண்டே பேர். எங்கள் ஊர்ப் பேச்சில் ழகரம் கிடையாது. காதில் விழாத எழுத்தைப் பிள்ளை எங்கிருந்து எழுதும்? எல்லாருக்கும் ஒரே பத்துச் சொல்லைச் சொல்லி, தப்பானதை ஐந்து முறை எழுதி வரச் சொல்வது என் பழைய வழக்கம். அடுத்த வாரம் அதே சொல் அதே பிழையோடு வரும். அவரவர் தடுமாறும் சொல்லை அவரவரிடம், மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் ஆன்கியை எடுத்தேன்.

ஆன்கி 2006இல் வந்த மென்பொருள். கணினிக்கு இலவசம். ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள். திரையில் வரும் அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சரியாகச் சொன்னால் அந்த அட்டை சில நாள் கழித்து வரும், மறுபடியும் சரி என்றால் இன்னும் தள்ளி வரும். தப்பினால் சீக்கிரமே திரும்பிவிடும். ஒரே கணினியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக்கணக்கு வைக்கலாம். எங்களிடம் இரண்டு கணினி: ஒன்று என்னுடையது, மற்றது எங்கள் பள்ளியில் படித்துப் போன பையன் மேல்நிலைப் பள்ளியில் வாங்கிய அரசு மடிக்கணினி.

முன்பக்கத்துக்கு முதலில் கணினிக் குரலை வைத்துப் பார்த்தேன். ல, ள, ழ பிரியவில்லை. அப்புறம் நானே பதிவு செய்தேன். கரை, கறை இரண்டையும் எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் இன்றைய காதுக்கு வேறுபாடு எட்டாது. அதனால் 'ஆற்றின் கரை', 'சட்டையில் கறை' என்று தொடராகவே சொல்ல வேண்டியிருந்தது. அரம்–அறம், இரை–இறை, பொரி–பொறி எல்லாம் அப்படித்தான். ஏறத்தாழ 300 சொல், இரண்டு சனிக்கிழமை. இந்த வேலையைச் சுருக்கக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தங்கள் டீச்சரின் குரல் கணினியிலிருந்து வருவதைப் பிள்ளைகள் அவ்வளவு விரும்பினார்கள்.

முதல் அரையாண்டு முழுக்கத் தட்டச்சு செய்ய வைத்தேன். ஆன்கியில் விடையைத் தட்டச்சு செய்தால் சரியான எழுத்து பச்சையிலும் தப்பானது சிவப்பிலும் தெரியும். ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றும் முறையை நான் தொடவே இல்லை. எழுத்துக்கூட்டிப் பழகும் பிள்ளையை இன்னொரு மொழி வழியாகச் சுற்ற வைக்கக் கூடாது. தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினேன். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். ககரத்தை அடித்து ஆ அடித்தால் கா. உயிர்மெய் எப்படி உண்டாகிறது என்பது விரலுக்கே புரிந்துவிடும். நான் கரும்பலகையில் பலமுறை எழுதிக் காட்டியும் புரியாத ஒருவனுக்கு அது அங்கேதான் புரிந்தது.

பச்சை நாளுக்கு நாள் பெருகியது. நோட்டில் மட்டும் மாற்றம் இல்லை. டிசம்பரில் அரையாண்டுத் தாள்களைத் திருத்தும்போது கவனித்தேன்: 'அமமா' என்று எழுதியிருந்த பிள்ளை, திரையில் பல நாளாக அந்தப் பிழையைச் செய்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரலைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தமிழ்99இல் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும். ந அடித்துத் த அடித்தாலும் அப்படியே, ந்த. வேகமாகத் தட்டும் பெரியவர்களுக்கு இது நல்ல வசதி. இவளுக்கோ புள்ளி எங்கே வேண்டும் என்பதுதான் பாடமே. அதை விசைப்பலகை செய்து கொடுத்துவிட்டது.

எழுதும் வரிசையும் இடித்தது. கையால் 'கொ' எழுத ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். விசைப்பலகையில் க, பிறகு ஒ. கொம்பை எங்கே போடுவது என்று திணறும் பிள்ளைக்குக் கொம்பும் காலும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நேர்மாறான அநியாயமும் நடந்தது. நோட்டில் ஒழுங்காக எழுதும் ஒருவன் 'மௌனம்' என்ற சொல்லுக்குத் தொடர்ந்து சிவப்பு வாங்கினான். "டீச்சர், சரியாத்தானே இருக்கு, பாருங்க" என்றான். கண்ணுக்குச் சரிதான். ஔ விசையை விட்டுவிட்டு எ, ள என்று இரண்டாக அடித்திருக்கிறான். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அவன் முகம் சுருங்கியதைப் பார்த்த அன்றே தட்டச்சை நிறுத்தினேன்.

2023 ஜனவரியிலிருந்து இதுதான் முறை. பிள்ளை குரலைக் கேட்கும், நோட்டில் பென்சிலால் எழுதும், பிறகு அட்டையைத் திருப்பிப் பார்க்கும். ஒரு சிக்கல் உண்டு: தன் பிழை தன் கண்ணுக்குப் படாது. 'பளம்' என்று எழுதிவிட்டுத் திரையில் 'பழம்' இருந்தாலும் சரி என்றே அழுத்துவார்கள். அதனால் இருவர் இருவராக உட்கார வைத்தேன். ஒருவர் எழுத, மற்றவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பொத்தானை அழுத்துவார். விடை எப்படி வந்தது என்று ஆன்கிக்குச் சொல்லும் நான்கு பொத்தானில் இரண்டை மட்டும் பழக்கினேன்: 'மறுபடி', 'நன்று'. ஆன்கி இயல்பாக நாளுக்கு 20 புதிய அட்டை தரும். நான் மூன்றாகக் குறைத்தேன். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். புள்ளி வைக்காதவள் கோடை விடுமுறைக்கு முன்பே வைக்கத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு அதிகம் உதவியது நான் எதிர்பார்க்காத ஒரு வசதி. ஒரே அட்டையில் எட்டு முறை சறுக்கினால் ஆன்கி அதற்கு அடையாளம் போடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயர் இரத்தம் உறிஞ்சும் அட்டையின் பெயர். பிள்ளைகளிடம் சொன்னதும் "அட்டையிலயே அட்டை" என்று அதுவே எங்கள் வகுப்பில் நிலைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் பட்டியலைப் பார்ப்பேன். ஒருமுறை ஐந்து பேர் பட்டியலிலும் 'முயற்சி' இருந்தது. ஐவரும் 'முயற்ச்சி' என்று எழுதியிருந்தார்கள். கடைப் பலகைகளிலும் அப்படித்தானே பார்க்கிறார்கள். ற் வந்தால் அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி எழுத்து வராது, ர் வந்தால் வரலாம், அதனால்தான் வளர்ச்சியில் ச் உண்டு, முயற்சியில் இல்லை என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தேன். பயிற்சி, கவர்ச்சி எல்லாம் சேர்ந்தே திருந்தின. விதி இருக்கும் இடத்தில் ஒரே சொல்லை நாற்பது முறை கேட்டுப் பயனில்லை. டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், றகரத்துக்கு முன் ன் என்பதையும் அப்படியே சொல்லிக் கொடுத்து, அந்த அட்டைகளை நீக்கிவிட்டேன். விதி சொல்ல முடியாத கரை–கறை, வலி–வழி போன்றவைதான் இப்போது மிச்சம். அவற்றுக்கு ஆன்கியைவிட நல்ல துணையை நான் பார்த்ததில்லை.

அட்டையில் இல்லாத சொல்லுக்கு இதனால் பயன் குறைவு. கட்டுரை எழுதச் சொன்னால் ர–ற மயக்கம் இன்னும் வருகிறது. அதற்குக் கதைப் புத்தகம் படிக்கத்தான் வேண்டும்.

விடுமுறையை நினைத்தால் மட்டும் கவலையாக இருக்கும். பள்ளி மூடியிருந்தாலும் அட்டைகளின் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்; ஜூனில் திறந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறுக்கு மேல் குவிந்திருக்கும். முதல் ஆண்டு அதைப் பார்த்து ஒரு பெண் அழுதேவிட்டாள். இப்போது ஜூனில் இரண்டு வாரம் புதிய அட்டையை அடியோடு நிறுத்தி, நாளுக்கு இருபது மட்டும் வரும்படி வைக்கிறேன்.

அந்த முதல் பதினோரு பேரும் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள். போகிற கடைசி வாரம், ஒவ்வொருவரின் 'அட்டை'களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். புள்ளி வைக்காதவளின் தாளில் பதினான்கு சொல் இருந்தது. அதில் ஒன்றுகூட ஒற்றுப்பிழை இல்லை, எல்லாம் ர–ற. தாளை மடித்துப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.