போர்வெல் தண்ணீரில் குழந்தைத் துணி: எது ஒத்துவந்தது, எது வரவில்லை

குழந்தைத் துணிக்கு எந்த சோப்பு நல்லது என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். காரைக்குடிக்குள் சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற வீட்டின் கதை வேறு, எங்களைப் போல ஊருக்கு வெளியே போர்வெல்லை நம்பிக் கிடக்கிற வீட்டின் கதை வேறு. எங்கள் தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். மகன் பிறந்ததிலிருந்து, முகப்புக்கும் அடுப்படிக்கும் அவன் ஓடித் திரிகிற இந்த நாள் வரை, துவைத்ததெல்லாம் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான். அதனால் இதில் பிராண்டு பெயர்களைத் தேட வேண்டாம். ஒவ்வொரு வகையும் எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்பது மட்டும்தான் இது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தவரை குழந்தைகளுக்கான துணி சோப்புக் கட்டிதான். அங்கே நகராட்சித் தண்ணீர். நுரை நன்றாக வரும், இரண்டு அலசலில் போய்விடும், காய்ந்த துணி பூப்போல இருக்கும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதே கட்டியை இங்கே கொண்டுவந்தேன், கொஞ்ச நாளிலேயே லங்கோடு அட்டை மாதிரி விறைத்துப்போனது. ஈரத்தையும் சரியாக உறிஞ்சவில்லை. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணி இழையில் தங்கிவிடுவதுதான் காரணம். எத்தனை தடவை அலசினாலும் அது முழுதாகப் போகாது. உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பாட்டிலில் பாதி பிடித்து, கட்டி சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் உங்களுக்கும் கட்டி வேண்டாம்.

லிக்விட் டிடர்ஜென்டில் இந்தத் தொல்லை வெகு குறைவு. குளிர்ந்த தண்ணீரிலும் கரையும், துகள் ஒட்டாது. எங்கள் வீட்டில் நிலைத்தது அதுதான். ஆனால் பாட்டிலில் குழந்தைப் படம் இருப்பதால் மட்டும் எதையும் வாங்கிவிட முடியாது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதற்குக் கறாரான சட்ட வரையறை கிடையாது. நான் முதலில் பார்ப்பது வாசனை. குழந்தைப் பவுடர் மணம் வீசுகிற லிக்விட் என்றால் அதில் வாசனைப் பொருள் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தோல் ஒவ்வாமைக்கு அது வழக்கமான காரணங்களில் ஒன்று. அடுத்தது மெத்தில்ஐசோதையசோலினோன். லிக்விட் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. 2013-இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று இதைத்தான் அறிவித்தது. வாயில் நுழையாத பேர்தான், லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள். வாசனை இல்லாதது கிடைப்பது கொஞ்சம் அலைச்சல், விலையும் கூடுதல்.

லிக்விடில் என்சைம் இருக்கிறது என்றாலே சிலர் பயப்படுகிறார்கள். பால் கறை, மலக் கறை இரண்டிலும் புரதம் இருக்கிறது, புரோட்டியேஸ் என்கிற என்சைம் அதை உடைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் போதும், கசக்கி அடிக்க வேண்டியதில்லை. கொதிக்கிற தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், புரதம் வெந்து கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். கம்பளிக்கும் பட்டுக்கும் என்சைம் ஆகாது, அவையும் புரத இழைதான்.

வீட்டில் எல்லோருக்கும் போடுகிற சாதாரணப் பவுடர் விஷம் ஒன்றும் இல்லை. அளவு குறைத்துப் போட்டு நன்றாக அலசினால் பல குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் பெரும்பாலும் வெண்மையாக்கி இருக்கும். அது அழுக்கை எடுப்பதில்லை, புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தந்து துணியைப் பளிச்சென்று காட்டுகிறது. அதற்காக அலசிய பிறகும் துணியிலேயே தங்கியிருக்கும். வீட்டுக்காரர் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்குக்கு அடியில் பவுடரில் துவைத்த வெள்ளை பனியனை ஒருநாள் நீட்டினேன், டியூப்லைட் மாதிரி எரிந்தது! கைக்குழந்தையின் பனியன் அவ்வளவு வெள்ளையாக இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அத்தைக்குப் பூந்திக்கொட்டைதான் எல்லாம். அதில் உள்ள சாப்போனின் நுரைக்கும், அவர்கள் பட்டுச் சேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. குழந்தைத் துணியின் பால் கவிச்சிக்கு முன்னால் அது தோற்றுவிடுகிறது. ஊறவைத்த தண்ணீர் சீக்கிரம் புளித்து நாறும், கண்ணில் பட்டால் எரியும். சொட்டு நீலம், கஞ்சி இரண்டும் தேவையே இல்லை. துணிக் கண்டிஷனர் இழை மேல் ஒரு பூச்சைத்தான் விட்டுப்போகிறது. துணி வழவழவென்று இருக்கும், லங்கோடு உறிஞ்சாது, கூடவே வாசனை வேறு.

இவ்வளவு பார்த்த பிறகும் சொல்கிறேன், எதை வாங்குகிறோம் என்பதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. மீதி பாதி அலசுவதில். மூடி நிறைய ஊற்றச் சொல்லித்தான் பாட்டிலில் போட்டிருக்கும், கையளவு துணிக்கு அதில் கால்வாசி தாராளம். கடைசி அலசல் தண்ணீரைக் கையால் அடித்துப் பார்த்தால் நுரை வரக்கூடாது. முன்பக்கக் கதவு மெஷின் தண்ணீரைச் சிக்கனமாகத்தான் எடுக்கும், அதில் கூடுதல் அலசல் பொத்தானைக் கட்டாயம் அமுக்குங்கள். மழைக்காலத்தில் வளவுக் (நடு முற்றத்துக்) கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் துணியின் மெதுமெதுப்பே தனி.

மஞ்சள் கறை போகவில்லை என்று ப்ளீச் தேட வேண்டாம். கைக்குழந்தையின் மலத்தில் மஞ்சள் நிறம் தருவது பிலிருபின், அது வெளிச்சத்தில் உருமாறிச் சிதையும். மஞ்சள் காமாலைக் குழந்தைகளை நீல விளக்குக்கு அடியில் படுக்கவைப்பதும் இதனால்தான். துவைத்த ஈரத்தோடு வளவு வெயிலில் போட்டால் மதியத்துக்குள் கறை மங்கிவிடும்.

எங்கள் பக்கம் பெட்டகம் உள்ள வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். “ஏத்தா, பழைய கண்டாங்கிதான் புள்ளைக்கு மெத்துன்னு இருக்கும், அதுலயே தூளி கட்டு” என்று அப்பத்தாமார் எடுத்துக் கொடுப்பார்கள். கண்டாங்கி எங்கள் பக்கத்துப் பருத்திச் சேலை, துணி அருமையானதுதான். ஆனால் அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியைக் குழந்தைக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் நாப்தலீன் இருந்தால், ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியாலேயே ரத்தச் சிவப்பணு உடைந்து காமாலை முற்றலாம். இந்தக் குறைபாடு இருப்பது பார்த்தால் தெரியாது. வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அந்தச் சேலை வேண்டாம். எங்கள் வீட்டில் இப்போது பெட்டகத்தில் அந்துருண்டைக்குப் பதில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும்தான், வசம்பு மணம் துணியில் ஏறிவிடுகிறது என்று அத்தைக்கு மட்டும் இன்னும் வருத்தம்.

சித்திரை வெயிலில் முதுகில் பொரிவதெல்லாம் சோப்பின் வேலை இல்லை, பெரும்பாலும் வேர்க்குருதான். இடுப்புப் பட்டி, கழுத்துப் பட்டி என்று துணி உரசுகிற இடத்தில் மட்டும் சிவந்தால் சோப்பைச் சந்தேகப்படலாம். மாற்றியும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது மகன் மண்ணில் புரளுகிற வயது. வெளியில் போடுகிற சட்டை பெரியவர்கள் துணியோடு பவுடரில் போகிறது. பனியன், ஜட்டி, படுக்கை விரிப்புக்கு மட்டும் அந்த வாசனை இல்லாத லிக்விட். கோடையில் போர் தண்ணீர் இறங்கி உப்பு ஏறும்போது அவற்றுக்கு ஒரு அலசல் கூட.