இல்லாத காலின் வலி: நிலைக்கண்ணாடியா, விஆர் ஹெட்செட்டா?

"இல்லாத காலின்ரை பெருவிரல் நோகுது." மிதிவெடியில் காலை இழந்தவர்களும் சலரோகத்தால் கால் எடுக்கப்பட்டவர்களும் சொல்லும் இந்த நோ நிஜமானது. கால் போனாலும் மூளையில் அதற்குரிய இடம் அப்படியேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் செயற்கைக் காலுக்கு 1987 முதல் ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. ஆனால் நெடுந்தீவில் இருக்கும் ஒருவர், ஒவ்வொரு முறையும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறாமல், இந்த வலிக்கு வீட்டிலேயே சிகிச்சை பெற வழி என்ன? வீட்டுக்கு வீடு விஆர் ஹெட்செட் (கண்ணில் மாட்டினால் மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி) கொடுக்கலாம் என்றொரு பேச்சு உண்டு.

மலிவானது நிலைக்கண்ணாடி. நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்டுபிடித்த முறை. கால்களுக்கு நடுவே கண்ணாடியை நீளவாக்கில் நிறுத்தி, துண்டித்த பக்கத்தை அதன் பின்னால் மறைக்க வேண்டும். நல்ல கணுக்காலை மெதுவாக மடக்கி நீட்டினால், பிம்பத்தில் போன கால் அசையும். இறுகிக் கிடந்த விரல்கள் விரிவதுபோல் பலர் உணர்கிறார்கள். ஸ்டூலில் சாத்திய போனில் வீடியோ அழைப்பில் பார்த்தபடியே பிசியோ (பிசியோதெரபிஸ்ட்), "அண்ணை, கண்ணாடியைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளுங்கோ" என்று திருத்தலாம். 2007இல் வெளியான அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஆய்வில், தினம் 15 நிமிடம், 4 வாரம் இதைச் செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருகிறது.

இரண்டு கால்களும் போனவருக்குக் கண்ணாடி உதவாது. அங்கேதான் விஆர் வேண்டும்: அது இரு கால்களையும் காட்டும், பயிற்சியைத் தரவிறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலும் ஓடும். ஆனால் குவெஸ்ட் 3 என்ற ஹெட்செட்டின் எடை 515 கிராம். சித்திரை வெயிலில் வியர்த்து லென்சில் ஆவி படியும். சலரோகத்தால் பார்வை மங்கியவருக்கு இன்னும் கஷ்டம். நோயாளி உள்ளே என்ன பார்க்கிறார் என்பதைத் தூரத்திலிருக்கும் பிசியோ காண நல்ல இணைப்பும் வேண்டும்.

கை இழந்தவர்களுக்கு ஏஆர்: நிஜக் காட்சியின் மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டும் முறை. சுவீடன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 14 பேரின் எஞ்சிய கையில் தசையின் மின்சைகையைப் படிக்கும் மின்வாய்கள் ஒட்டி, திரையில் அவர்கள் உடலோடு பொருந்திய மெய்நிகர் கையை அவர்களே அசைக்க வைத்தார்கள். 12 அமர்வுகளில் வலி ஏறத்தாழப் பாதியானது. மின்வாயைச் சரியான இடத்தில் ஒட்டப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேண்டும் என்பதால், தீவில் தனியே செய்ய ஏற்றதல்ல.

வீட்டுக்கு வீடு ஹெட்செட் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஒரு கால் இழந்த எல்லோருக்கும் முதலில் கண்ணாடியும் வீடியோ அழைப்பும் கொடுக்க வேண்டும். இரண்டு ஹெட்செட்டை நெடுந்தீவு வைத்தியசாலையில் வைத்து, இரு கால்களும் இழந்தவர்களுக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். எதுவானாலும் முதல் நாள் ஒரு தாதி நேரில் இருக்கட்டும்: போன காலைத் திரும்பக் கண்டதும் சிலர் உடைந்து அழுவார்கள்.