850 ரூபாய் எம்.சி.ஆர். செருப்பு: பதினான்கு மாதம் போட்டுப் பார்த்தபின்

கடைப் பெயரைக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி. அதன் பின்வாசல் பக்கம், துணி காயப்போடும் கொடிகளைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு தையல் மிஷின், ரப்பரைத் தேய்க்கிற மோட்டார் ஒன்று, சுவரில் வரிசையாகத் தொங்கும் காகிதக் கால்கள். அளவெடுத்த தாள்கள்தான். நூறுக்குக் குறையாது. அங்கே ஒருவர் செருப்புத் தைக்கிறார். இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம், எம்பேரும் வேண்டாம் சார். செருப்பப் பத்தி மட்டும் எழுதுங்க, சக்கர உள்ளவங்களுக்கு உதவும்" என்றார். அதனால் செருப்பைப் பற்றி.

எனக்குச் சர்க்கரை வந்து 19 வருடம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சேகரக் கமிட்டியில், அதாவது எங்கள் சர்ச் நிர்வாகக் குழுவில், செயலாளர். தெருவில் நடந்தால் "பெரிய சார் வாராக" என்று பையன்கள் சைக்கிளைவிட்டு இறங்கின காலத்து ஆள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

போன வருடம் குருத்தோலை ஞாயிறு பவனியில் ஓலையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நான். எங்கள் ஊரில் பவனிக்குச் செருப்புப் போடுகிற வழக்கம் இல்லை. ஓசன்னா பாடி முடித்து, ஆராதனையும் முடித்து, வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன். சொம்போடு வந்த மனைவி நடுவழியில் நின்றுவிட்டாள். "என்னங்க, தரையைப் பாருங்க." வெள்ளை மொசைக்கில் வாசலிலிருந்து நாற்காலிவரை ஒன்றுவிட்டு ஒன்று வலது காலின் தடம், சிவப்பாக. பெருவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லு. எனக்கு எறும்பு கடித்த அளவுகூடத் தெரியவில்லை.

ஆறு வாரம் கட்டுப்போட்டார்கள். ஒருநாள் டாக்டர் நைலான் நரம்பு போல ஒன்றை எடுத்து, "கண்ணை மூடிக்கோங்க சார், தொட்டா சொல்லுங்க" என்றார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நரம்பாம் அது. நானும் மூடிக்கொண்டு காத்திருந்தேன். சற்று நேரம் கழித்து, "எப்ப ஆரம்பிக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேன் சார்."

அப்புறம்தான் இந்தச் செருப்பு. எம்.சி.ஆர். என்றால் மைக்ரோ செல்லுலார் ரப்பர். உள்ளே பொடிப்பொடியாகக் காற்றறைகள் நிறைந்த ரப்பர். கடைகளில் ஹவாய் செருப்புக்கே இந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள், ஏமாறாதீர்கள். சரியான எம்.சி.ஆர். 15 ஷோர் (ரப்பர் எவ்வளவு கெட்டி என்று அளக்கிற கணக்கு) அளவு மென்மையில் இருக்க வேண்டும். அளவுகோல் கருவி நம்மிடம் இருக்காது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ரப்பரை அழுத்திப் பாருங்கள். ஏறக்குறையப் பாதிக் கனத்துக்கு அமுங்கி, விட்டதும் பழையபடி எழும்ப வேண்டும். அமுங்காவிட்டால் அது வெறும் ரப்பர். அமுங்கி எழும்பாவிட்டால் செத்த ரப்பர்.

இது முதலில் சர்க்கரைக்காரர்களுக்கு வந்ததல்ல, தொழுநோயாளிகளுக்கு. 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் பார்த்தது வேறு. நரம்பு செத்து வலி போய்விடுகிறது. வலி போனதால் ஆள் புண்ணின்மேலேயே நடக்கிறான். காலைத் தின்பது அந்த நடைதான். மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாரை மாற்றி அறுவைச் சிகிச்சை செய்து உலகப் பெயர் வாங்கிய மனிதர், இன்னொரு பக்கம் செருப்புக்கு எந்த ரப்பர், அடியில் என்ன, வார் எங்கே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மருத்துவம் படிக்கும் முன்னே கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகினவர். 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்த பிறகு இந்த வேலை அங்கே வளர்ந்தது. நம்முடைய ஆளும் அங்கே போய்க் கற்றுவந்தவர்தான்.

சரி, அளவெடுத்த கதைக்கு வருகிறேன். என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் முட்டிபோட்டார். அவருக்கும் ஐம்பத்தைந்துக்கு மேலிருக்கும், முட்டி சடக்கென்றது. என் வலது காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். ஈரத்துணியால் துடைத்தார். மேலாக அல்ல, ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்து, சேற்றுப்புண் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து. காய்ப்பு விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் சுற்றி அழுத்தினார். பிறகு புறங்கையை உள்ளங்காலில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். சூடு பார்க்கிறாராம். ஓர் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சுட்டால் அங்கே உள்ளே ரணம் தொடங்குகிறது என்று கணக்கு. வலி சொல்ல வேண்டியதை இங்கே சூடு சொல்கிறது.

எனக்குத் தாங்கவில்லை. கூச்சம் என்றால் கிச்சுகிச்சு இல்லை, அது செத்துப்போய் நாளாகிவிட்டது. என் காலை ஒருவர் மடியில் வைத்திருக்கிறார் என்பதே.

வேடிக்கை என்னவென்றால், பெரிய வியாழக்கிழமைதோறும் எங்கள் கோயிலில் கால் கழுவும் ஆராதனை உண்டு. ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்) பன்னிரண்டு பேர் காலைக் கழுவித் துடைப்பார். அந்தப் பன்னிரண்டில் நான் எத்தனையோ வருடம் உட்கார்ந்திருக்கிறேன். உட்காரும் முன் வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் போவோம். ஒருவர் பவுடரே போட்டுவந்தார். கழுவுவதற்கு ஒன்றுமில்லாத பன்னிரண்டு ஜோடிக் கால்கள். இயேசு சீடர்களின் காலைக் கழுவ வந்தபோது பேதுரு மட்டும் ஏன் அவ்வளவு அடம்பிடித்தான் என்று யோவான் 13-ஆம் அதிகாரத்தை வைத்து ஓய்வுநாள் பள்ளியில் நீட்டி முழக்கியிருக்கிறேன். புரிந்து சொன்னதில்லை என்று அந்தப் பெஞ்சில் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு மிஷனரியாக வந்த கதையை நான் சொன்னால் பிள்ளைகள் கண்கொட்டாமல் கேட்கும். ஆனால் எங்கள் சேகரக் கமிட்டியில் செருப்புத் தைக்கிற வீட்டுக்காரர் ஒருவர்கூட இருந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. எல்லோருக்கும் காரணம் தெரியும்.

அளவெடுக்கும்போது தாளின்மேல் காலை ஊன்றி, முழு எடையும் போட்டு நிற்க வேண்டும். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு இழுப்பார். நான் என்ன செய்தேன் என்றால், அவர் சுண்டுவிரல் பக்கம் வரும்போதே "போதும், போதும்பா" என்று காலை எடுத்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிச்சக் கோட்டை உத்தேசமாக வரைந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றவர் அடுத்த வாரம் சனிக்கிழமை தந்தார். இது ஒரு குறை. மிஷின் ஊசி உடைந்ததாம். போன் செய்தாலும் எடுக்கமாட்டார், கை பசையாக இருக்கும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

பொருளைச் சொல்கிறேன். மேலே எம்.சி.ஆர்., அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கட்டி ரப்பர், இரண்டையும் பசையால் ஒட்டி ஓரம் தைத்திருக்கிறார். ஆணி ஒன்றுகூட இல்லை. ஆணியடித்த செருப்பு என்றைக்காவது காலைக் குத்தும், குத்தினாலும் நமக்குத் தெரியாது. முன்னால் இரண்டு பட்டை, பின்னால் குதிகால் வார், மூன்றிலும் வெல்க்ரோ. குதிகால் வார் இல்லாத எதையும் வாங்காதீர்கள். உணர்வில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் நாம் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்போம். எனக்கே நடந்திருக்கிறது, மார்க்கெட்டில் ஒரு பையன் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

அழகு என்று பார்த்தால் பூஜ்யம்தான். கறுப்பு, கனம், பாடம் செய்த பூனை மாதிரி இருக்கிறது என்றாள் என் பேத்தி. மழையில் நனைந்தால் கீச்கீச்சென்று சத்தம் போடும். வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும், நிழலில்தான் காய வேண்டும். வெல்க்ரோவில் வேப்பம்பூ, நூல், தலைமுடி எல்லாம் சேரும். வாரம் ஒருமுறை பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்யாவிட்டால் பிடிப்பு போய்விடும். "என்ன சார், ஆஸ்பத்திரிச் செருப்பா?" என்று கேட்காத ஆள் இல்லை. தொழுநோய்க்காரர்கள் பலர் இதைப் போட மறுத்ததும் இதனால்தான். செருப்பே நோயைத் தண்டோரா போட்டுவிடும். இப்போது இவர் பழுப்பு நிறத்திலும், கடைச் செருப்பு போன்ற பட்டையிலும் தைத்துத் தருகிறார். கேட்டு வாங்குங்கள்.

போட்ட மூன்றாம் நாள் வலது சுண்டுவிரல் ஓரம் சிவந்துவிட்டது. மனைவிதான் பார்த்தாள்; தினமும் ராத்திரி ஜெபத்துக்கு முன் என் காலை டார்ச் அடித்துப் பார்ப்பது இப்போது வீட்டு ஒழுங்கு. ஐந்தாறு மில்லிமீட்டர் குறுகல். கோபமாக எடுத்துக்கொண்டு போனேன். 850 ரூபாய் கொடுத்திருக்கிறேனே.

அவர் செருப்பைப் பார்த்தார், சுவரில் என் தாளைத் தேடி எடுத்தார், சுண்டுவிரல் பக்கத்துக் கோட்டை விரலால் தடவினார். உத்தேசமாக இழுத்த கோடு மட்டும் மெல்லிசாக இருந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"நாந்தான் சரியா அளவெடுக்கல சார். மாத்தித் தந்திடுதேன்" என்றார்.

நான் "பரவாயில்லை" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது. ஒரு வகுப்புப் பையன் அப்படிச் செய்திருந்தால் முட்டிபோட வைத்திருப்பேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றுவிட்டுத் திரும்பிப் போனேன். காத்திருந்த இருவரும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். "அன்னைக்கு நான்தான் காலை எடுத்தேன்" என்றேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "சரி, இப்ப ஊனி நில்லுங்க சார்" என்று புதுத் தாளை விரித்தார். நின்றேன். பென்சில் சுண்டுவிரலைச் சுற்றிப் போனதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், உணரவில்லை. புதிதாகத் தைத்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியதும், பெஞ்சில் இருந்த ஒரு பாட்டியைக் காட்டி, அவருக்கு உள்ரப்பர் மாற்ற 200 ரூபாய் ஆகிறது, அதைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். பாட்டி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

பதினான்கு மாதத்தில் புதிய புண் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் மாதம் உள்ரப்பர் அமுங்கிப்போய் மாற்றினேன். அடியும் தையலும் அப்படியே இருக்கின்றன. தினம் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ஒருமுறை பேத்தியின் பென்சில் சீவி கிடந்தது.

ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. கோயிலுக்குள் செருப்பு கூடாது. டாக்டரோ வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்காதே என்கிறார். கமிட்டியில் பேச்செடுத்தேன். "வாசல்ல 'பாதரட்சைகளைக் கழற்றவும்'னு போர்டு வச்சதே நீங்கதான சார்" என்றார் பொருளாளர். உண்மை. நீல எழுத்து, நானே பெயிண்டர் பக்கத்தில் நின்று எழுதவைத்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளே போட தனிச் செருப்பு அனுமதிக்கலாம் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று கூட்டமாகத் தள்ளிப்போகிறது. அதற்குள் அவரிடமே கோயிலுக்கென்று மெல்லிசாக இன்னொரு ஜோடி தைத்துவிட்டேன், 600 ரூபாய். மஞ்சப்பையில் கொண்டுபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து மாற்றிக்கொள்கிறேன். எனக்கு இடுப்பு வளையாது. முதல் ஞாயிறு, மணியடிக்கிறவர் குனிந்து வாரை மாட்டவந்தபோது "வேண்டாம், வேண்டாம்" என்றேன். இப்போது பேசாமல் காலை நீட்டுகிறேன். போன ஞாயிறு பட்டையை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "வெல்க்ரோ பிடிக்கல சார், இந்த வாரம் போய் மாத்திருங்க" என்றார்.