அறையின் விட்டமும் ஈயக் குண்டும்: கருமருந்து ரிவோல்வர் ஒன்றின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கேப்பு (அடித்ததும் பொறி பறக்கும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் பழைய பாணி ரிவோல்வரில் குறி சிதறினால், பெரும்பாலானோர் முதலில் மருந்தின் அளவை மாற்றுகின்றனர், பிறகு வேறு அளவுக் குண்டு வாங்குகின்றனர், கடைசியில் தங்கள் கை நடுங்குகிறது என்று முடிவு கட்டுகின்றனர். ஒரே ரிவோல்வரைப் பல ஆண்டுகள் சுட்டு, அளந்து, மாற்றிப் பார்த்த பின்னர் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: உருளையிலுள்ள ஆறு அறைகளின் விட்டத்தையும் குழலின் உள்ளே சுருளாக ஓடும் காடிகளின் விட்டத்தையும் அளந்து ஒப்பிடாதவரை மற்றச் சோதனைகள் எல்லாம் காசுக்கும் ஈயத்துக்கும் கேடு.

நான் பயன்படுத்துவது 1858 ரெமிங்டன் என்று பொதுவாக அழைக்கப்படும் மாதிரியின் இத்தாலிய மறுபதிப்பு, .44 அளவுடையது. அது பாரிசுக்கு வெளியே, சுடுதற்கழகம் ஒன்றில் உறுப்பினராக உள்ள என் மகனின் வீட்டில் பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆயுதச் சட்டத்தில் இத்தகைய கருமருந்து மறுபதிப்புகள் டி என்ற வகையைச் சேர்ந்தவை. வயது வந்தோர் வாங்கலாம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்குத் திரும்பி வந்தபோது அதை அங்கேயே விட்டுவிட்டேன். இலங்கையில் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க முடியாது, அந்தச் சட்டம் அப்படி இருப்பது சரியென்றே நானும் கருதுகிறேன். கோடையில் பிள்ளைகளிடம் போகும்போது கழகத்தில் சுடுவேன். புலம்பெயர்ந்த நம்மவர்களில் இந்த விளையாட்டில் ஈடுபடும் சிலர் அளவு பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இந்த ரிவோல்வருக்குத் தோட்டா உறை கிடையாது. உருளையின் முன்வாயால் மருந்தை இட்டு, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலின் கீழுள்ள நெம்புகோலால் அழுத்தி இறக்க வேண்டும். குண்டு அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இறங்கும்போது அறையின் விளிம்பு அதைச் சீவி, மெல்லிய ஈய வளையம் ஒன்று வெளியே வரும். அந்த வளையம் முழுவட்டமாக வந்தால்தான் குண்டு அறையை முற்றாக அடைத்திருக்கிறது என்று பொருள். தளர்ந்த குண்டு இருந்தால் ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவக்கூடும். உதைப்பின் அதிர்வில் மற்ற அறைகளின் குண்டுகள் முன்னே நகர்ந்து உருளை சுழலாமல் இறுகவும் கூடும். ஆகவே வளையம் வருகிறதா என்று பார்ப்பது குறிக்கு முன்னரே உயிருக்குரிய காரியம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கடையில் .451 அங்குலக் குண்டும் (11.46 மி.மீ.), .454 அங்குலக் குண்டும் (11.53 மி.மீ.) கிடைக்கும். பெரிய குண்டு குழலை நன்றாக நிரப்பும் என்று பலர் நம்பி .454க்கு மாறுவர். நான் மருந்து இடாத வெற்று அறைகளில் இரண்டு அளவுக் குண்டுகளையும் இறக்கி, பின்புறம் கேப்பு ஏறும் முனையைக் கழற்றிவிட்டு, பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரால் அளந்தேன். இரண்டும் 11.35 மி.மீ. என்றே காட்டின. பெரிய குண்டில் சீவப்பட்ட பட்டை மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்தது. அது குழலில் குண்டு நேராகப் பிடித்துச் செல்ல உதவும் என்பதால் நன்மையே. ஆனால் குழலுக்குள் நுழையும் குண்டின் விட்டத்தைத் தீர்மானிப்பது அறைதான். வாங்கிய பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அங்கே வேலையில்லை.

அடுத்து, எண்ணெய் தடவிய குழலினுள் தூய ஈயத் துண்டு ஒன்றை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி முழு நீளத்துக்கும் செலுத்தி எடுத்து, அதில் பதிந்த காடிகளின் விட்டத்தை அளந்தேன். 11.46 மி.மீ. இருந்தது. காடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் குழல்களில் சாதாரண மைக்ரோமீட்டர் பிழையான அளவைத் தரும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, 11.35 மி.மீ. குண்டு 11.46 மி.மீ. குழலுக்குள் போகிறது. காடிகளின் அடிவரை ஈயம் எட்டாததால் வெப்ப வாயு பக்கவாட்டில் கசிகிறது, குண்டைச் சுழற்ற வேண்டிய காடி அதை அரைகுறையாகப் பிடிக்கிறது. நிறைய மருந்து இட்டால் மென்மையான ஈயம் பின்னாலிருந்து நசுங்கிச் சற்று விரியும். ஆனால் இலக்குச் சுடுதலுக்கு நாங்கள் இடுவது 1.2 முதல் 1.5 கிராம் வரையிலான மருந்துதான், அந்த அழுத்தத்தை நம்பியிருக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் இயந்திரம் திருத்துபவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஸ்ரான்லி வீதிப் பக்கம் எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும், சிலிண்டரை அளந்து துளைத்த பிறகே அதற்குரிய ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடுவார். பிஸ்டனை வாங்கிக்கொண்டு வந்து சிலிண்டருக்குள் திணித்துப் பார்க்க மாட்டார்.

ஆகவே அறைகளைக் காடி விட்டத்துக்கு ஏற்பத் துளைத்துச் சீராக்கும் வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கித் திருத்துநர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அழுத்தம் தாங்கும் பாகத்தில் கைவைக்கும் வேலையை வீட்டில் துளைப்பான் வைத்துச் செய்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். சுவரின் தடிப்பு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடத் தெரிந்தவர் செய்ய வேண்டியது அது. முன்னர் 11.33க்கும் 11.36க்கும் இடையில் வேறுபட்டிருந்த ஆறு அறைகளும் இப்போது 11.48 மி.மீ. என்ற ஒரே அளவில் உள்ளன, அதாவது காடி விட்டத்தைவிட ஒரு மயிரிழை பெரிது. குழலின் பின்வாயிலுள்ள கூம்புச் சரிவையும் அவர் ஒழுங்குபடுத்தினார்.

பலன் தெளிவானது. 25 மீற்றர் தூரத்தில், ஊன்றுகோலில் வைத்துச் சுடும்போது ஒரு சாண் அகலத்துக்குச் சிதறிய குண்டுகள், இப்போது ஆறேழு சென்ரிமீற்றருக்குள் அடங்குகின்றன. முன்செலுத்தி (முன்பக்கமாக மருந்து நிரப்பும்) துப்பாக்கிகளுக்கான உலக அமைப்பான எம்.எல்.ஏ.ஐ.சி. நடத்தும் மாரியெற் என்ற பிரிவு இவ்வகை ரிவோல்வருக்கு உரியது. 30 நிமிடத்தில் 13 குண்டு சுட்டு, அவற்றுள் சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படும். அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 5 சென்ரிமீற்றர் விட்டம் கொண்டது. ஆகவே ஏழு சென்ரிமீற்றர் என்பது எத்தகைய முன்னேற்றம் என்பதைச் சுடுபவர் உணர்வார்.

ஆனால் அறை பெரிதானபின் பழைய குண்டை மறந்துவிட வேண்டும். .451 குண்டு இப்போது அறைக்குள் தானாகவே வழுக்கி விழும். அதைச் சுடுவது ஆபத்து. .454 இறங்குகிறது, ஆயினும் வளையம் நூல்போல மெலிந்தே வருகிறது. .457 அங்குலக் குண்டுதான் (11.61 மி.மீ.) முழு வளையத்தையும் அகன்ற பட்டையையும் தருகிறது. ரூகர் ஓல்ட் ஆர்மி ரிவோல்வருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவும் இதுவே என்பதால் குண்டு வார்க்கும் அச்சுகளைத் தேடிக் களைக்க வேண்டியதில்லை. நெம்புகோலுக்குச் சுமை கூடுகிறது. ஆகவே உருளையைக் கழற்றி, மேசையில் பொருத்திய அழுத்தியில் வைத்து நிரப்புகிறேன். ரெமிங்டனில் உருளை எளிதில் கழல்வது பெரிய வசதி.

ஈயம் தூயதாக இருப்பது கட்டாயம். பிரான்சில் பழைய கூரைகளிலிருந்து கழற்றிய ஈயத் தகடு நன்றாக உதவுகிறது. வாகனச் சக்கரச் சமநிலைக் கட்டிகளில் அன்ரிமனி என்ற பொருள் கலந்திருப்பதால் குண்டு கடினமாகி, சீவப்படாமல் நெம்புகோலை வளைக்கும். வாகன பற்றரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதை உருக்கும்போது எழும் நச்சுப் புகை உடலைக் கெடுக்கும். எந்த ஈயமாயினும் திறந்த வெளியில் உருக்கி, பிறகு கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

இன்னொரு விடயம் சமையல் ரவை. சிறிதளவு மருந்து மட்டும் இட்டால் குண்டு அறையின் ஆழத்தில் அமர்ந்துவிடும். அங்கிருந்து குழல்வரை பிடிப்பின்றிப் பாய வேண்டியிருப்பதால் குறி தவறும். மருந்தின்மேல் ரவையை நிரப்பிக் குண்டை அறையின் வாய்க்கு அருகில் உயர்த்தினால் சிதறல் குறைகிறது. ஐரோப்பிய இலக்குச் சுடுநர்களின் பழைய வழக்கம் இது. உப்புமாவுக்கு வாங்கும் சாதாரண ரவையே போதும், வறுக்க வேண்டியதில்லை. ஈரம் மட்டும் ஏறியிருக்கக் கூடாது.

கூம்பு வடிவக் குண்டுகளையும் சுட்டுப் பார்த்தேன். அறைக்குள் சற்றுச் சாய்ந்து இறங்கினாலே குறி கெட்டுவிடுகிறது. உருண்டைக் குண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அச்சிலிருந்து வெட்டிய தழும்பை நேர் முன்னால் வைத்தால் போதும்.

வாங்க நினைப்பவர்கள் கடையிலேயே அறையையும் குழலையும் அளக்க அனுமதி கேளுங்கள். அறை காடியைவிடச் சிறிதெனில், துளைக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் எண் குறித்து, தனித்தனிக் கடதாசியில் சுட்டுப் பாருங்கள். ஐந்து அறைகள் ஒன்றுகூடி ஆறாவது மட்டும் விலகினால், அந்த அறை குழலோடு நேர்கோட்டில் இல்லை என்று அறியலாம். அந்தக் குறைக்குக் குண்டின் அளவை மாற்றிப் பரிகாரம் காண முடியாது. உருளையையே மாற்ற வேண்டும்.