ஸ்பெயினில் குளிர்காலத்துக்குக் கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஜெர்மனி, ஹாலந்து, சுவிட்சர்லாந்து பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் தெற்கு ஸ்பெயினுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல வெயில், கூட்டமில்லாத சாலைகள், சைக்கிள் ஓட்டத் தோதான ஊர். நாங்களும் அப்படித்தான் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மாலகா போய், அங்கே ஒரு வாடகைக் கம்பெனியில் கேம்பர்வேன், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வேன், எடுத்தோம். ஓடாத ஹீட்டர், உடைந்த சைக்கிள் ஸ்டாண்ட், கடைசியில் டெபாசிட் 1,500 யூரோவில் 900 யூரோ பிடித்தம். புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், நீங்கள் யாரிடம் வண்டி எடுத்தாலும் உஷாராக இருக்கலாம்.

முன்பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் ஹீட்டர் ஓடுமா, அடுப்புக்கு எந்த கேஸ், பின்பக்க ஸ்டாண்டில் மூன்று சைக்கிள் தாங்குமா என்று. ‘குளிர்காலத்துக்கு முழுவதும் தயாரான வண்டி, கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வண்டியைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, ‘முந்தைய வாடிக்கையாளர் தாமதம்’ என்று இழுத்தடித்து, மாலை ஆறு மணிக்குத்தான் தந்தார்கள். டிசம்பர் கடைசியில் மாலகாவில் ஆறு மணி என்றால் வெளிச்சம் போகிற நேரம். சாவி கொடுக்க வந்த பையன் ஒரு தாளை நீட்டி, ‘வண்டியில் எந்தக் குறையும் இல்லை’ என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டான். ஹீட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே பொத்தானை அமுக்கினான், இரண்டு நிமிடம் சூடான காற்று வந்தது, அணைத்துவிட்டான். என் மனைவி மட்டும் கைப்பேசி டார்ச்சைப் போட்டு வண்டியைச் சுற்றி, கூரை ஓரம் வரைக்கும் வீடியோ எடுத்துவிட்டாள். அந்த வீடியோதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

முதலில் காலை வாரியது சைக்கிள் ஸ்டாண்ட். காதிஸ் மாகாணத்தில், வீடெல்லாம் வெள்ளையடித்த ஒல்வேரா என்ற ஊரிலிருந்து புவேர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. ரயில் விடுவதற்காகப் போட்டு, ரயிலே ஓடாமல் விட்டுப்போன பாதை அது. இப்போது சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும். வழியெல்லாம் மலையைக் குடைந்த சுரங்கங்கள். நடுவில் சாஃப்ராமகோன் என்ற பெரும்பாறை, அதன் மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். என் மகள் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நல்ல இடம், கண்டிப்பாகப் போங்கள். சுரங்கங்களுக்குள் ஓட்ட விளக்கு மட்டும் மறக்காதீர்கள்.

அங்கே போகும் வழியிலேயே போக்குவரத்துக் காவலர்கள் நிறுத்தினார்கள். வண்டிக்குப் பின்னால் சைக்கிள் நீட்டிக்கொண்டு இருந்தால், ஸ்பெயினில் வி-20 என்ற பலகையைக் கட்டாயம் மாட்ட வேண்டும். 50 சென்டிமீட்டர் சதுரம், சிவப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகள். சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தனியாக வாடகை வாங்கிய கம்பெனி பலகையைக் கொடுக்கவும் இல்லை, அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்லவும் இல்லை. அபராதம் போட்டார்கள். உடனே கட்டினால் பாதித் தொகை தள்ளுபடி. வெளிநாட்டில் வசிப்பவர்கள் என்பதால் அங்கேயே கட்டிவிட்டோம். காவலர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், பலகை எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொன்னார்.

சைக்கிள் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது, ஒரு வளைவில் பின்னாலிருந்து ‘டக்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஸ்டாண்டின் நடுக் கை முறிந்து, மகளின் சைக்கிள் ஒரே ஒரு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முறிந்த இடத்தில் சுற்றியிருந்த கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பிரித்தேன். உள்ளே பழைய விரிசல், அதன் ஓரமெல்லாம் துரு. அன்றைக்கு விட்ட விரிசலில் துரு ஏறியிருக்காது. விரிசல் இருப்பது தெரிந்தே டேப் சுற்றி, அதற்குக் காசும் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். சைக்கிள் கழன்று பின்னால் வந்த பைக்காரர் மேல் விழுந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்து குவாதிஸ். குகை வீடுகளுக்குப் பேர்போன ஊர், கிரனாடாவுக்குக் கிழக்கே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தத் தெற்கு மாநிலமான ஆண்டலூசியா என்றால் கடற்கரை வெயில்தான் பலருக்கு நினைவு வரும். உள்நாட்டுப் பீடபூமியில் ஜனவரி இரவென்றால் கண்ணாடியில் பனி உறையும். கிரனாடாவிலிருந்து போகும் ஏ-92 சாலையே 1,300 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயைத் தாண்டித்தான் இறங்குகிறது. இதெல்லாம் தெரிந்துதானே ஹீட்டரைப் பற்றி எழுத்தில் கேட்டோம்.

இரவு ஒரு மணி இருக்கும். ஹீட்டர் தானாக நின்றது. மறுபடி போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் எச்சரிக்கை விளக்கு மின்னுகிறது, அணைந்துபோகிறது. வண்டிக்குள் விளக்குக்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் தரும் பேட்டரியின் அளவு பார்த்தேன்: 11.3 வோல்ட். நன்றாக இருக்கும் பேட்டரி நிறைந்திருந்தால் 12.7 காட்டும், 12-க்குக் கீழே போனாலே காலி என்று அர்த்தம். டீசல் ஹீட்டர் பற்றவைக்கும் அந்த ஓரிரு நிமிடத்துக்குத்தான் மின்சாரம் நிறைய வேண்டும், செத்த பேட்டரியால் அதைத் தர முடியாது. மாலகாவில் அந்தப் பையன் ஏன் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே ஹீட்டரைக் காட்டினான் என்பது அப்போதுதான் உறைத்தது. என்ஜின் ஓடும்போது அதோடு சுற்றும் ஆல்டர்னேட்டரே மின்சாரம் கொடுத்துவிடும், பேட்டரியின் லட்சணம் வெளியே தெரியாது. கூரையில் சோலார் பலகை இருக்கிறது என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த மாதத்தில் அங்கே உச்சி வேளையிலேயே சூரியன் முப்பது டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பகலும் பத்து மணி நேரம்கூடக் கிடையாது. படுக்கை வசத்தில் இருக்கும் பலகை பேருக்குத்தான்.

சரி, மகளுக்குக் கொஞ்சம் பாலாவது காய்ச்சலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். நீலச் சுடர் விரல் நுனி அளவுக்கு வந்து, துடித்து, அணைந்தது. வெளியே போய் கேஸ் பெட்டியைத் திறந்தால் சிலிண்டர் மேல் வெண்பனி படிந்திருக்கிறது. தூக்கிப் பார்த்தால் கனமாகத்தான் இருக்கிறது. உள்ளே இருந்தது பியூட்டேன். அது மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாது, திரவமாகவே அடியில் கிடக்கும். குளிர்காலத்துக்குப் புரோபேன் வேண்டும், அது மைனஸ் 42 வரை ஆவியாகும். ஸ்பெயினில் வீடுகளுக்கு வரும் ஆரஞ்சு சிலிண்டரில் பெரும்பாலும் பியூட்டேன்தான். மலிவு, எங்கும் கிடைக்கும். கடற்கரையில் சமைக்க அது போதும். ‘முழுவதும் தயாரான வண்டி’ என்று சொல்லிக் குளிர்கால வாடகை வாங்குகிறவன் அதை வைக்கலாமா?

விடியும்வரை மூவரும் ஜாக்கெட்டோடு ஒரே போர்வைக்குள் கிடந்தோம். மூச்சுக்காற்று கூரையில் நீராகக் கோத்து மெத்தையில் சொட்டியது. காலையில் மகளுக்குக் காய்ச்சல்.

அவசர எண்ணுக்கு இரவே அழைத்தேன், எடுக்கவில்லை. காலையில் எடுத்தவர், நாங்கள் விளக்கை அணைக்காமல் தூங்கியிருப்போம் என்றார். மாற்று வண்டி கிடையாது, மாலகாவுக்குக் கொண்டு வந்தால் பார்க்கலாம், அதற்கான செலவு உங்களுடையது என்றார். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதித் தரச் சொன்னேன், எழுதவில்லை. நானே ‘நீங்கள் இன்னின்ன சொன்னீர்கள்’ என்று எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. வோல்ட் காட்டிய திரை, பனி படிந்த சிலிண்டர், டேப் பிரித்த விரிசல், எல்லாவற்றின் படங்களும் அதே செய்தியோடு போயின. மீதிப் பயணத்தில் கடற்கரையோரம் காபோ தெ கத்தா பக்கம் மின்சார இணைப்புள்ள முகாம்களில் காசு கொடுத்துத் தங்கினோம். கடையில் ஒரு சின்ன மின் ஹீட்டரும் வாங்கிக்கொண்டோம்.

வண்டியைத் திருப்பிவிட்டபோது அலுவலகத்தில் ஆளே இல்லை. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்லிக் குறுஞ்செய்தி. அன்றும் சுற்றி வீடியோ எடுத்தோம். ஊர் வந்து சேர்ந்த பிறகு மின்னஞ்சல்: ஸ்டாண்டுக்கு 480, கூரை ஓரக் கீறலுக்கு 320, கழிப்பறைத் தொட்டி கழுவ 100. அந்தக் கீறல் முதல் நாள் வீடியோவிலேயே தெளிவாக இருக்கிறது. தொட்டியை முகாமிலேயே கழுவி, அதையும் படம் எடுத்திருந்தோம்.

இனி, பணத்தைத் திரும்ப வாங்க என்ன செய்தோம் என்பது.

ஆண்டலூசியாவில் பொதுமக்களோடு வியாபாரம் செய்யும் எந்த நிறுவனமும் ‘ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்’ என்ற அரசாங்கப் புகார்ப் படிவத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர வேண்டும். தர மறுத்தால் உள்ளூர்க் காவல்துறையைக் கூப்பிடலாம். அந்தப் படிவத்துக்கு நிறுவனம் 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, நகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்துக்கு, ஓமிக் என்பார்கள், அனுப்பலாம். எங்களுக்கு இது தெரியவந்தபோது ஜெர்மனி வந்துவிட்டோம். நீங்கள் அங்கே இருக்கும்போதே, கவுண்டரில் நின்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே பேசும் தோரணை மாறும் என்று ஓமிக்கில் பேசிய அம்மாவே சொன்னார்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வசிப்பவர்களுக்கு இன்னொரு வழி ஐரோப்பிய நுகர்வோர் மையம். ஜெர்மனிக்கான அலுவலகம் கேல் நகரில் இருக்கிறது. இன்னொரு நாட்டுக் கம்பெனியோடு தகராறு என்றால் கட்டணமில்லாமல் ஸ்பெயினிலுள்ள தங்கள் மையம் வழியாகப் பேசுவார்கள். லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு பிரெக்சிட்டுக்குப் பிறகு இந்த வசதி இல்லை. அவர்கள் கிரெடிட் கார்டில் கட்டுவதுதான் பாதுகாப்பு. எங்களுக்கும் பணம் வந்தது கார்டு வழியாகத்தான். இரண்டு வீடியோவையும் வங்கிக்கு அனுப்பினோம். கீறலுக்கும் தொட்டிக்கும் பிடித்த 420 யூரோ திரும்பியது. ஸ்டாண்டுக்கான 480-க்கு ‘அதிக எடை ஏற்றினார்கள்’ என்று கம்பெனி மறுத்துவிட்டது. துருவேறிய விரிசலின் படத்தோடு அது இப்போது ஓமிக்கில் இருக்கிறது.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு: இருட்டில் வண்டியைப் பொறுப்பேற்காதீர்கள். அவசரப்படுத்தினால் தாளில் ‘வெளிச்சமின்றிப் பார்த்தது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சிலிண்டரில் ‘புட்டானோ’ என்று இருக்கிறதா, ‘புரோபானோ’ என்று இருக்கிறதா, வாசியுங்கள். ஸ்டாண்டில் எங்காவது டேப் சுற்றியிருந்தால் அவர்கள் முன்னாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். வி-20 பலகையைக் கேட்டு வாங்குங்கள். டெபாசிட் தொகையைக் கார்டில் முடக்கி மட்டும் வைக்கிறார்களா, கணக்கிலிருந்து எடுத்தே விடுகிறார்களா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். எங்களிடம் எடுத்தே விட்டார்கள். கையில் வந்த பணத்தை யாரும் தானாகத் திருப்பித் தரமாட்டார்கள்.

புகாருக்கு நாங்கள் ஸ்பானிஷில் எழுதிய கடிதத்தின் நகல் இருக்கிறது. இதே போல மாட்டிக்கொண்டவர்கள் கேட்டால் எங்கள் விவரங்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன். தேதி, தொகை, வண்டி எண்ணை மாற்றினால் போதும்.