நார்விச் கறிக்கடையில் காட்டு வாத்து: வாங்கலாமா?

குளிர்காலம் தொடங்கிவிட்டால் இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கத்துக் கறிக்கடைகளில் கோழி, ஆடு, பன்றிக்கு நடுவே காட்டு வாத்தும் வந்துவிடும். பெரும்பாலும் மல்லார்ட். பச்சைத் தலையும் மஞ்சள் அலகுமாகப் பூங்காக் குளங்களில் நீந்துமே, அதே இனம்தான். நான் வாங்குவது நார்விச்சில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஒரு சின்னக் கடையில். இங்கே குடியேறிய நம்மவர்கள் பலர் "வாத்துன்னா ஒரே கொழுப்பு, உடம்புக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பண்ணை வாத்தைப் பற்றிச் சொல்கிற அந்தப் பேச்சு காட்டு வாத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. சூப்பர் மார்க்கெட் பண்ணை வாத்து இரண்டு கிலோ இருக்கும். இறகு, தலை, குடல் எல்லாம் நீக்கிச் சமைக்கத் தயாராக வரும் மல்லார்ட் பெரும்பாலும் 600 முதல் 800 கிராம்தான். இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு வாங்க வேண்டும். கடைசியாக வாங்கியபோது ஒன்று 7 பவுண்டு. எடைக்கு எடை பார்த்தால் கோழியை விட விலை அதிகம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கறியைப் பாருங்கள். நெஞ்சுக்கறியே கருஞ்சிவப்பாக இருக்கும். பக்கத்தில் கோழி நெஞ்சை வைத்தால் இரண்டும் பறவைக் கறி என்றே நம்ப முடியாது. காரணம் எளிது. பல மணி நேரம் விடாமல் சிறகடிக்கிற பறவைக்கு நெஞ்சுத் தசைக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிடித்து வைக்கிற மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் அந்தத் தசையில் நிறைய இருக்கும், அதில் இரும்பும் இருக்கும். கோழி எங்கே பறக்கிறது? கொழுத்த பண்ணை வாத்துக்கும் பறக்க வழியில்லை. மல்லார்டின் வம்சமாகவே இருந்தாலும் தோலுக்கடியில் கொழுப்பு சேர்த்துக்கொண்டு நிற்கிறது.

எண்களில் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் சத்துப் பட்டியல்படி, 100 கிராம் பச்சைக் கறிக்குக் கணக்கு இது. தோலோடு உள்ள பண்ணை வாத்தில் 404 கலோரி, 39 கிராம் கொழுப்பு, புரதம் பதினொன்றரை கிராம். தோலோடு உள்ள காட்டு வாத்தில் 211 கலோரி, 15 கிராம் கொழுப்பு, 17 கிராம் புரதம். தோலை உரித்த காட்டு வாத்து நெஞ்சுக்கறி என்றால் 123 கலோரிதான். கொழுப்பு நாலு கிராம் சொச்சம், புரதம் 20 கிராம். இரும்புச் சத்து நாலரை மில்லிகிராம். கோழி நெஞ்சில் அது அரை மில்லிகிராம்கூடத் தேறாது. இந்த நாட்டில் மாதவிடாய் வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 14.8 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே அதில் கால் பங்குக்கு மேல் கிடைக்கிறது. கீரையில் உள்ள இரும்பை விடக் கறியில் உள்ள இரும்பை உடம்பு சுலபமாக ஏற்றுக்கொள்ளும். ரத்தசோகைக்கு மாத்திரை விழுங்கி வயிறு கெட்டுப்போகும் பெண்களை எங்கள் குடும்பத்திலேயே பார்த்து வருகிறேன். மாத்திரையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டிலும் இரும்பு இருக்கட்டும் என்கிறேன்.

சரி, ருசி? எல்லாம் அந்த வாத்து எதைத் தின்று வளர்ந்தது என்பதில்தான் இருக்கிறது. மல்லார்ட், விஜன், சின்னஞ்சிறு டீல் போன்ற வாத்து இனங்கள் ஆழமில்லாத நீரிலும் அறுவடை முடிந்த வயலிலும் மேய்கிறவை. நார்ஃபோக்கில் பார்லி அறுத்த தாளடியில் சிந்திய தானியத்தைத் தின்று நவம்பரில் நன்றாகத் தேறியிருக்கும். என் கணக்கில் நவம்பர், டிசம்பர்தான் வாங்க வேண்டிய மாதங்கள். ஜனவரிக் கடும் உறைபனிக்குப் பிறகு வருபவை மெலிந்துபோயிருக்கும். முங்கி முங்கிச் சிப்பியும் நத்தையும் தின்கிற வாத்துகளின் கொழுப்பில் மீன் வாடை ஏறிவிடும். அந்த வகையை நான் தொடுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'காட்டு வாத்து' என்று எழுதி விற்கப்படும் மல்லார்ட் எல்லாமே காட்டில் பிறந்தவை அல்ல. வேட்டைக்காகவே வளர்த்துக் குளங்களில் விடப்படுபவையும் ஏராளம். தீவனம் போட்டுப் பழக்கிய அந்த வாத்துகளுக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், ருசி கொஞ்சம் கம்மி. இந்தக் கடைக்காரரிடம் எனக்குப் பிடித்ததே, எந்தப் பக்கத்து வயலில் சுட்டது, யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டால் மழுப்பாமல் சொல்வார். வளர்த்து விட்ட வாத்து என்றால் அதையும் சொல்லிவிடுவார். வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியையும் கேட்காமலே சுத்தமாக எடுத்துத் தருகிறார். அதை விட்டுவிட்டால் குழம்பு முழுவதும் வாடைதான்.

சமையலில் ஒரே ஒரு விஷயம். முழு வாத்தையும் நம்மூர் மாதிரி துண்டு போட்டு ஒன்றாகக் கொதிக்க விடாதீர்கள். எங்கள் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது அப்படித்தான் குழம்பு வைத்தார். அறுவடை வயலில் மேய்த்த வாத்தில் பல வருஷம் சமைத்த கை அது. மசாலா மணமெல்லாம் பிரமாதம். வாயில் வைத்ததும் அவரே கேட்டார்: "ஏம்மா, இது வாத்தா, ஆட்டு ஈரலா?" கொழுப்பில்லாத சிவப்புக் கறி அதிகம் வெந்தால் ஈரல் ருசி வந்துவிடும், இறுகியும் போகும். அதனால் நெஞ்சுக்கறியைத் தனியாக எடுத்து, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி, மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு இரும்புச் சட்டியில் நல்ல தீயில் சட்டென்று வறுத்து எடுக்கவும். மெல்லிசாக இருப்பதால் உள்வரை வெந்துவிடும், இறுகாது. காலும் எலும்பும் குழம்புக்கு. மெதுவாக இரண்டு மணி நேரம் வேகட்டும். அந்தச் சாறு இட்லிக்கு அபாரம்.

இனி குறை. வேறொரு கடையில் வாங்கிய வாத்தில் என் கணவரின் பல்லில் ஈயக் குண்டு ஒன்று சிக்கியது. பல் உடையாதது பெரிய விஷயமில்லை, ஈயம் நஞ்சு என்பதுதான் விஷயம். இங்கிலாந்தில் 1999 முதல் வாத்தை ஈயக் குண்டால் சுடுவது சட்ட விரோதம். ஆனாலும் கடைகளில் வாங்கிய வாத்துகளைப் பிற்பாடு சோதித்தபோது பெரும்பாலானவற்றில் ஈயம்தான் கிடைத்தது. குண்டு கண்ணுக்குத் தெரியும். அது உடைந்து கறியில் பரவும் துகள் தெரியாது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் முக்கியமாக ஈயக் குண்டால் சுட்ட கறியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இங்குள்ள உணவுத் தர அமைப்பே அறிவுரை தருகிறது. ஆகவே எஃகுக் குண்டா, ஈயமா என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கடை வேண்டாம். நான் வாங்கும் கடையில் எஃகு அல்லது பிஸ்மத் என்ற வேறு உலோகம் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னாலும் எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. காயம்பட்டுக் கன்றிய இடத்தைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுகிறேன்.

இதைப் படித்துவிட்டு ஊரில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் காட்டு வாத்து வேட்டை குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைக் காக்கிறது. குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கு வரும் கிளுவையையும் ஊசிவால் வாத்தையும் பிடித்துச் சாலையோரம் விற்றால் வாங்காதீர்கள். தாளடியில் மேய்த்து வளர்த்த நாட்டு வாத்து இருக்கிறதே, அதை வாங்குங்கள்.

இங்கே வேட்டைக் காலம் செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை. கடலோரச் சதுப்பில் மட்டும் பிப்ரவரி 20 வரை. என் மதிப்பெண் கறிக்கு ஐந்துக்கு நாலரை, கடைக்கு ஐந்து. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் டீல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அது ஒருவருக்கு ஒன்று கணக்கு, ருசியில் மல்லார்டை விட ஒரு படி மேல். எலும்பைப் பொறுக்கப் பொறுமை இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளலாம்.