தரங்கம்பாடியில் பைக் சந்திப்பு: எல்லாப் பொறுப்பையும் ஒருவரிடமே ஒப்படைத்து நாங்கள் ஏமாந்த விவரம்

கடந்த பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் தரங்கம்பாடியில் எங்கள் குழுவின் ஆண்டுச் சந்திப்பை நடத்தினோம். தங்கும் அறை, சாப்பாடு, பந்தல், ஜெனரேட்டர், மைக்செட், காவல் நிலைய அனுமதி ஆகிய அனைத்தையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஓர் ஏற்பாட்டாளரிடம் மூன்று தவணைகளில் 1,80,000 ரூபாய் கொடுத்தோம். அவர் பெரும்பாலான வேலைகளைச் செய்யவில்லை. செய்தவர்களுக்கும் பணம் கொடுக்கவில்லை. விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் அவருடைய பெயரை எழுதவில்லை. ஆனால் பூம்புகாரிலிருந்து வேளாங்கண்ணி வரையிலான இந்தக் கரையில் இதுபோன்ற சந்திப்பை நடத்த நினைக்கும் குழுக்கள் எங்களைப் போல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் பிறந்தது தரங்கம்பாடியை ஒட்டிய பொறையாறில். பதினான்கு ஆண்டுகளாகத் திருச்சியில் வேலை. சந்திப்பை எங்கள் ஊர்ப்பக்கம் நடத்தலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். டென்மார்க்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையையும், 1792-இல் எழுப்பிய நகர வாயிலையும், கடல் அரித்தது போக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலையும் வெளியூர் நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 275 கி.மீ., திருச்சியிலிருந்து 160 கி.மீ.; விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வந்து சேர்ந்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறாத மாதம் அது. 72 வண்டிகள், பின்னால் அமர்ந்து வருவோர் 18 பேர், ஆக 90 பேர் வருவதாகப் பெயர் கொடுத்தார்கள். தலைக்கு 3,000 ரூபாய் வசூலித்தோம்.

தரங்கம்பாடி ஒரு சிறிய பேரூராட்சி. நல்ல அறைகள் மிகக் குறைவு. இருப்பவையும் வார இறுதியில் சுற்றுலா வருவோரால் நிரம்பிவிடும். இந்தப் பற்றாக்குறையைச் சொல்லித்தான் அந்த ஏற்பாட்டாளர் பேச்சைத் தொடங்கினார். என் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் அறிமுகமானவர். "தம்பி, நீங்க நம்ம ஊர்ப் பிள்ளை, உங்களுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?" என்று அவர் கேட்டபோது, அதற்குமேல் விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துவிட்டேன். மூன்று பேருக்கு ஓர் அறை என 30 அறைகள், கூட்டத்துக்கும் பந்திக்கும் ஒரு கல்யாண மண்டபம், வண்டிகளை நிறுத்தவும் மாலை நிகழ்ச்சிக்கும் கடற்கரையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பு, நான்கு வேளைச் சாப்பாடு என மொத்தம் 2,20,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். டிசம்பரில் 50,000, பொங்கல் கழிந்து 70,000, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு 60,000 கொடுத்தோம். மீதி 40,000 ஞாயிறு மதியம் தருவதாக ஏற்பாடு.

இந்த மூன்று தவணைகளும் மூன்று வெவ்வேறு பெயர்களில் இருந்த யூபிஐ கணக்குகளுக்குச் சென்றன. முதலாவது அவருடைய மனைவியின் கணக்கு என்றார், இரண்டாவது பந்தல்காரருடையது என்றார், மூன்றாவதை யாருடையது என்று நான் கேட்கவே இல்லை. எதற்கும் பில் இல்லை. அடுத்துச் சொல்லப்போகும் எல்லா அடையாளங்களையும்விட இது ஒன்றே போதுமானதாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது: தம் பெயரிலுள்ள கணக்கில் பணம் வாங்கத் தயங்கும் ஒருவர், அந்தப் பணத்துக்குப் பொறுப்பேற்கவும் தயங்குவார் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் எதையும் கேட்காமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ரசீதைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் படம் வந்தது, ஆனால் அதில் ரசீதின் மேல்பாதி மட்டுமே இருந்தது, தொகை எழுதியிருந்த கீழ்ப்பகுதி இல்லை. காவல் நிலைய அனுமதியைக் கேட்டேன். ஆய்வாளருக்கு முகவரியிட்டுத் தட்டச்சு செய்த மனுவின் படம் வந்தது, ஆனால் மனு பெறப்பட்டதற்கான முத்திரையோ கையெழுத்தோ அதில் இல்லை. தோப்பு மணற்பாங்கானது, புல்லட் போன்ற கனமான வண்டிகளின் சைடு ஸ்டாண்ட் புதைந்து சாய்ந்துவிடும், எனவே தரையை இறுக்க வேண்டும் என்றேன். இரண்டு லோடு கிராவல் அடித்தாகிவிட்டது என்று கூறி, எங்கேயோ கிராவல் கொட்டியிருக்கும் படத்தை அனுப்பினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம் வந்துகொண்டிருந்ததால், வேலை நடக்கிறது என்று நம்பினேன். திருச்சியிலிருந்து ஒரு நாள் நேரில் சென்று வந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குச் சென்னை நண்பர்கள் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் வேறொரு குடும்பத்தின் நிச்சயதார்த்தத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் பதிவேட்டைத் திறந்து காட்டினார்: எங்கள் பெயரில் 5,000 ரூபாய் மட்டுமே கட்டப்பட்டிருந்தது, மீதியை ஜனவரி இறுதிக்குள் கட்டாததால் பதிவு ரத்தாகியிருந்தது. அவர்மீது எந்தத் தவறும் இல்லை. 30 அறைகளில் 11 மட்டுமே உண்மையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தன. தோப்பில் ஒரு கூடை கிராவல்கூட இல்லை. வந்த வேகத்தில் நிறுத்தியதில் மூன்று வண்டிகள் மணலில் சாய்ந்து, ஒன்றின் கிளட்ச் லீவர் உடைந்தது. கீழே கிடந்த தென்னை மட்டைகளை வெட்டி, ஒவ்வொரு சைடு ஸ்டாண்டுக்கும் அடியில் வைத்து நிறுத்தினோம். நாங்கள் அதைச் செய்துகொண்டிருந்தபோது தோப்பின் உரிமையாளர் வந்து, யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று கேட்டார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விவரம் சொன்ன பிறகு, வண்டிகள் இரவு அங்கேயே நிற்கட்டும் என்று அனுமதித்த அந்தப் பெரியவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மாலை ஆறரை மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளர் வந்தார். எங்கள் பெயரில் எந்த மனுவும் வரவில்லை என்றார். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்பதும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே உள்ளவை. எழுபது வண்டிகள் கூடியிருக்கும் இடம், பதினைந்து கி.மீ. தொலைவில் காரைக்கால், அங்கிருந்து மது கொண்டுவரப்படும் என்ற சந்தேகம் ஆகியவற்றால் அவர்கள் விழிப்பாக இருப்பது நியாயமே. எங்கள் குழுவில் பயண நாட்களில் மது கூடாது என்பது கண்டிப்பான விதி. வண்டிகளைப் பார்த்துவிட்டு அவரும் அதை ஏற்றுக்கொண்டார். மைக்செட்டை மட்டும் அணைக்கச் சொன்னார், அணைத்தோம். ஒரு மாதமாகத் தயாரித்திருந்த சாலைப் பாதுகாப்புப் பேச்சும், முதலுதவிப் பயிற்சியும் நின்றுபோயின.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது அன்றைய இரவுப் பயணம். அறை இல்லாத 57 பேருக்காக நாங்கள் தொலைபேசியில் தேடி, காரைக்காலில் 12 அறைகளும் மயிலாடுதுறையில் 7 அறைகளும் பிடித்தோம். விடியற்காலை நான்கு மணிக்குச் சென்னையில் கிளம்பியவர்கள், இரவு ஒன்பதரை மணிக்கு மறுபடியும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இருட்டில் முப்பது கி.மீ. வரை ஓட்ட வேண்டியதாயிற்று. டெல்டாவில் அது சம்பா அறுவடைக் காலம். நெல்லைச் சாலையிலேயே ஒருபுறமாகப் பரப்பி உலர்த்துவார்கள். அதைச் சுற்றி வாகனம் ஏறாமல் இருக்கக் கற்களை வரிசையாக வைப்பார்கள். நெல்லை அள்ளிய பின்னும் சில கற்கள் அங்கேயே கிடக்கும். அறுவடை இயந்திரங்களும் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களும் பின்விளக்கு இல்லாமல் செல்லும். இந்தச் சாலையை அறிந்த நானே அறுவடை நாட்களில் இரவில் ஓட்டமாட்டேன். செம்பனார்கோயிலுக்கு முன்பாக ஒரு நண்பரின் வண்டி அப்படி ஒரு கல்லில் ஏறிச் சறுக்கியது. பின்னால் அவருடைய மனைவி இருந்தார். முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு போயிற்று. இருவரும் முறையான பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அதோடு போயிற்று. கட்டிய பணத்துக்கு அறை இருந்திருந்தால் அவர்கள் அந்நேரம் அந்தச் சாலையில் இருந்திருக்கவே மாட்டார்கள்.

ஞாயிறு காலை ஏற்பாட்டாளரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. இட்லி பரிமாறி முடித்த பிறகு சமையல் பொறுப்பேற்றிருந்த அம்மா தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "தம்பி, எங்க ஆறு பேருக்கும் கூலி வரலை. மளிகைக் கடைக்கடனும் என் பேருலதான் இருக்கு. நாளைக்கு நான் அந்தக் கடை வாசல்ல எப்படி நிப்பேன்?" என்றார். மொத்தச் சமையலுக்கு அவருக்குக் கொடுக்கப்பட்டது 8,000 ரூபாய். ஜெனரேட்டர் வைத்திருந்தவருக்கு 2,000, பந்தல்காரருக்கு 3,000. மூவரும் எங்களை ஏமாற்றுக்காரர்களாக நினைத்திருக்கவும் கூடும். நினைத்திருந்தாலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வந்து இரண்டு நாள் சாப்பிட்டு, பணம் கொடுக்காமல் வண்டியைக் கிளப்பிச் சென்றார்கள் என்ற பேச்சு என் ஊரில் எழ நான் விடமாட்டேன். சமையலுக்கு 31,000, ஜெனரேட்டருக்கும் மைக்செட்டுக்கும் 9,500, பந்தலுக்கு 8,000 என அங்கேயே கொடுத்துத் தீர்த்தோம். கூடுதல் அறைகளுக்கு 34,200. வசூலித்ததில் ஏற்பாட்டாளருக்குக் கொடுத்ததும் குழுச் சீருடைச் செலவும் போகக் கையில் இருந்த 63,000 போதாமல் 19,700 ரூபாயை நான் போட்டேன்.

பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கணக்கு எழுதினேன். மண்டபம் 5,000, பதினொரு அறைகள் 16,500, சமையல், ஜெனரேட்டர், பந்தல் மூன்றும் சேர்த்து 13,000. அவர் உண்மையில் செலவிட்டது 34,500 ரூபாய். மீதி 1,45,500 அவரிடம் இருக்கிறது. காவல் நிலையத்தில் இது கொடுக்கல் வாங்கல் விவகாரம் என்று முதலில் தட்டிக்கழித்தார்கள். முத்திரை இல்லாத மனுவின் படத்தையும், கிழிந்த ரசீதைப் போல அனுப்பப்பட்ட பாதிப் படத்தையும் காட்டி, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று எழுதிக் கொடுத்த பிறகே மனு ரசீது தந்தார்கள். மோசடி இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வருகிறது. மனு எழுதும்போது பணம் போன கதையை மட்டும் எழுதாமல், எந்தப் பொய்யைக் காட்டிப் பணம் வாங்கினார் என்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்காக மயிலாடுதுறைக்கு அலைய வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால் திருச்சியிலேயே கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலும் நடத்தலாம். வழிகாட்டுதல் வேண்டுவோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நாங்கள் எழுத்தில் ஒப்பந்தம் போடவில்லை. இருந்தாலும் வாட்ஸ்அப் உரையாடல், யூபிஐ பரிவர்த்தனை எண்கள், மண்டபப் பதிவேட்டின் நகல், சமையல் அம்மாவும் பந்தல்காரரும் எழுதிக் கொடுத்த வாக்குமூலங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம்.

அடுத்த ஆண்டுச் சந்திப்பை அதே ஊரில்தான் நடத்துவோம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு நான் நன்றியுடையவன். இந்த முறை அறைக்கு விடுதியாரிடமும், மண்டபத்துக்கு மேலாளரிடமும், சமையலுக்கு அந்த அம்மாவிடமும் நேரடியாகப் பேசி, அவரவர் கணக்கிலேயே பணம் செலுத்தி, ரசீது வாங்குகிறோம். காவல் நிலையத்துக்கு நானே சென்று மனு கொடுத்து, நகலில் முத்திரை பெறுவேன். தோப்புக்காரப் பெரியவரின் கையெழுத்துடன் சம்மதக் கடிதம் இருக்கும். எழுபது பேருக்கு மேல் பதிவு இல்லை. அந்த ஊரில் உள்ள அறைகளில் அவ்வளவு பேர்தான் தங்க முடியும், யாரும் இரவில் சாலையில் இருக்கக் கூடாது.

ஆணையத்தின் அறிவிப்பை எதிர்த்தரப்பு பெற்றுக்கொண்டுவிட்டது. பதில் அளிக்க 30 நாட்கள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்கள். இன்று 19-ஆவது நாள். இதே கரையில் இதே முறையில் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், உங்கள் பரிவர்த்தனை விவரங்களையும் அவர் அனுப்பிய படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.